பாரிஸ்: கார்த் வித்தால் (அரச மருத்துவக் காப்புறுதி அட்டை) கைக்கு வருமுன் வைத்தியரிடம் போவது எப்படி?

ஓமந்தை:
வணக்கம் உறவுகளே. எங்கட அத்தான் போன மாதம் பாரிஸ் வந்து சேர்ந்தவர். பிறிபெக்தூர் எண்ட மாவட்ட அரச காரியாலயத்தில அகதி விண்ணப்பம் பதிஞ்சாச்சு, அகதிக் கேசை விசாரிக்கிற ஒப்ராவுக்கு அனுப்பிற படிவத்தை இப்ப நிரப்பிக்கொண்டிருக்கிறம். வயது ஐம்பதைத் தாண்டிட்டுது. கனகாலமாச் சீனி வருத்தம், பிரசரும் இருக்கு. ஊரில இருந்து கொண்டுவந்த குளிசை இன்னும் ஒரு கிழமைக்குத்தான் காணும். மூண்டு மாதம் போனாத்தான் கார்த் வித்தாலுக்கு எழுதலாம், அதுவரைக்கும் ஒண்டும் செய்யேலாது எண்டு கேக்கிற ஆக்கள் எல்லாரும் சொல்லுகினம். காசு குடுத்துக் காட்டுறதெண்டால் எவ்வளவு முடியும்? வேற வழி ஏதும் இருக்கோ? விவரம் தெரிஞ்சவை சொல்லுங்கோ.

பருத்தித்துறை75:
தம்பி, அவர் போடுற குளிசையின்ர பேரை எழுதுங்கோ. என்னட்ட மெட்ஃபோர்மின் எண்ட சீனிக் குளிசை கொஞ்சம் மிச்சம் கிடக்கு, லாச்சப்பல் தமிழ்க் கடைப் பக்கம் வந்தா எடுத்துக்கொண்டு போகலாம். ஊருக்குப் போய் வாற ஆக்களிட்டச் சொல்லியும் எடுப்பிக்கலாம். நாங்கள் வந்த காலத்தில எல்லாரும் அப்பிடித்தான் சமாளிச்சனாங்கள். மூண்டு மாதம்தானே.

தாதி93:
பருத்தித்துறை அண்ணை, உதவி செய்யிற எண்ணத்திலதான் சொல்லுறீங்கள், அது விளங்குது. ஆனா தயவுசெய்து அந்தக் குளிசையைக் குடுக்காதேங்கோ. மெட்ஃபோர்மின் எவ்வளவு போடலாம் எண்டது சிறுநீரகம் எப்பிடி வேலை செய்யுது எண்டதைப் பொறுத்தது. அத்தானுக்குக் கடைசியா எப்ப இரத்தம் சோதிச்சது? சிறுநீரகத்தைக் காட்டிற கிரியாட்டினின் அளவு எவ்வளவு? வாற வழியில எத்தினை நாள் குளிசை தவறினது? இது ஒண்டும் தெரியாமல் ஒருத்தற்ற மருந்தை இன்னொருத்தருக்குக் குடுக்கக் கூடாது. பிரசர் மருந்தும் அப்பிடித்தான்.

ஓமந்தை, கார்த் இல்லையெண்டால் வைத்தியரும் இல்லை எண்டு நம்பித்தான் எங்கட சனம் வருத்தத்தோட வீட்டுக்குள்ள கிடக்குது. சீனி ஏறி, காலில புண் வந்து, கடைசியில அவசர சிகிச்சைக்கு வாற ஆக்களை நான் வேலையில பாக்கிறன். ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கும், ஏனெண்டால் முதல் கிழமையே வந்திருக்கலாம்.

2020 தை மாதத்தில இருந்து வளர்ந்த அகதி விண்ணப்பகாரருக்கு மூண்டு மாதக் காத்திருப்பு இருக்கிறது உண்மை. பிள்ளையளுக்கு அது இல்லை. ஆனா காப்புறுதி இல்லாத ஆக்களுக்கெண்டே அரச ஆஸ்பத்திரிகளில பாஸ் எண்டு ஒரு பிரிவு இருக்கு. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில வந்தது. லாச்சப்பலில இருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில, கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில, லாரிபுவாசியேர் ஆஸ்பத்திரியில இருக்கு. சென் லூயி ஆஸ்பத்திரியில வெர்லேன் எண்ட பேரில இருக்கு, சென் அந்துவானில போதலேர் எண்ட பேரில. பொபினிப் பக்கம் எண்டால் அவிசென், சென் தெனி எண்டால் தெலபொந்தேன். உங்களுக்கு எது கிட்டவோ அங்க போங்கோ.

அங்க வைத்தியர், தாதி, அசிஸ்தான் சோசியல் எண்ட சமூக சேவையாளர் மூண்டு பேரும் ஒரே இடத்தில இருப்பினம். இரத்தம் எடுக்கிறது, எக்ஸ்ரே எல்லாம் அந்த ஆஸ்பத்திரிக்குள்ளேயே. மருந்தும் ஆஸ்பத்திரிப் பார்மசியில காசில்லாமல் தருவினம். சில இடத்தில ரொந்தேவு (முன்பதிவு நேரம்) எடுக்கோணும், சில இடத்தில காலமை வரிசையில நிக்கோணும். அதால வெள்ளனப் போய்க் கேளுங்கோ. விண்ணப்பம் பதிஞ்ச தாள், கடிதம் வாற விலாசத்துக்கான தாள், பழைய மருந்துத் துண்டு, இரத்தச் சோதனை முடிவு, என்ன இருக்கோ எல்லாத்தையும் கொண்டு போங்கோ. ஒண்டும் இல்லாட்டியும் பாப்பினம்.

முக்கியமா, குளிசை மட்டையை எறியாதேங்கோ. ஊரில விக்கிற பேர் இங்க ஒருத்தருக்கும் தெரியாது. மட்டையின்ர பின்பக்கம் சின்ன எழுத்தில இருக்கிற மருந்தின்ர உண்மைப் பேரையும் மில்லிகிராமையும்தான் வைத்தியர் பாப்பார். 2015 முதல் பிரான்சில மருந்துத் துண்டிலயும் அந்தப் பேரைத்தான் எழுதோணும் எண்டு சட்டம். ஊர்க் குளிசை சிலதில இரண்டு மருந்து சேர்ந்திருக்கும். இங்க அதைப் பிரிச்சு இரண்டு குளிசையாத் தரக்கூடும், மருந்து கூடிப்போச்சு எண்டு அத்தான் பயந்து ஒண்டை நிப்பாட்ட வேண்டாம்.

ஓமந்தை:
அக்கா, மிச்சம் நன்றி. இப்பதான் மூச்சு வருது. பிறகு ஏதும் பில் வீட்டுக்கு வருமோ? அகதிக் கேசுக்கு அதால பிரச்சினை வருமோ எண்டு அத்தான் பயப்பிடுறார்.

தாதி93:
வைத்தியம் பார்த்ததுக்கும் ஒப்ராக் கேசுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வைத்தியரும் தாதியும் நோயாளியின்ர விசயத்தை வெளியில சொல்லேலாது, அது சட்டம். அவசர சிகிச்சையில காட்டினா சிலவேளை பில் வரும். வந்தால் கிழிச்சு எறியாமல், அதே ஆஸ்பத்திரியில அசிஸ்தான் சோசியலிட்டக் கொண்டு போய்க் குடுங்கோ. அதை எப்பிடி முடிக்கிறது எண்டு அவைக்குத் தெரியும். பயத்தில ஒளிச்சு வைக்கிற பில்லுத்தான் பிறகு பெருக்கும்.

சென்தெனிவாசி:
தாதி அக்கா சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். விசா முடிஞ்ச ஆக்கள், கேஸ் நிராகரிச்ச ஆக்கள், மொத்தத்தில பதிவு இல்லாத ஆக்களுக்கும் காப்புறுதி இருக்கு. எத் மெடிகால் எண்டு சொல்லுறது, அரச மருத்துவ உதவி. தொடர்ந்து மூண்டு மாதத்துக்கு மேல பிரான்சில பதிவில்லாமல் இருக்கிறதைக் காட்டோணும், வருமானம் குறைவா இருக்கோணும். முதல்தரம் எழுதேக்க நேரில போய்க் குடுக்கோணும், தபாலில அனுப்பினா எடுக்காயினம். பாஸில இருக்கிற அசிஸ்தான் சோசியலும் எழுதித் தருவா. ஒரு வருசத்துக்குச் செல்லும், முடியிறதுக்கு முதலே திருப்பி எழுதுங்கோ.

நான் அந்தக் கார்த்தோடதான் கனகாலம் இருந்தனான். முதுகு நோவுக்கு ஒரு சிறப்பு வைத்தியருக்குப் போன் எடுத்தா, நேரம் இருக்கு எண்டு சொல்லிப்போட்டு, எந்தக் காப்புறுதி எண்டு கேட்டு, எத் மெடிகால் எண்டு சொன்ன உடன புது நோயாளியள் எடுக்கிறதில்லை எண்டு போனை வச்சிட்டினம். பத்து நிமிசம் கழிச்சு என்ர சிநேகிதன் எடுத்தான். அவனுக்கு அடுத்த கிழமையே நேரம் குடுத்தினம்.

இப்பிடி மறுக்கிறது சட்டப்படி குற்றம். எல்லாருக்கும் இடமில்லை எண்டு சொல்லுறது வேற, கார்த்தைக் கேட்டிட்டு மறுக்கிறது வேற. திகதி, நேரம், சொன்ன வசனம் மூண்டையும் எழுதி வையுங்கோ. காப்புறுதிக் காரியாலயத்துக்கும் வைத்தியர் சங்கத்துக்கும் முறைப்பாடு எழுதலாம், உரிமைப் பாதுகாவலர் காரியாலயத்துக்கும் எழுதலாம். தனிய எழுதேலாட்டி கொமேத் எண்ட அமைப்பு இருக்கு. 1979இல இருந்து அகதியளுக்கும் வெளிநாட்டாருக்கும் வைத்திய உரிமை விசயத்தில உதவி செய்யிற ஆக்கள். நான் எழுதினனான். அந்த வைத்தியரிட்டப் பிறகு போகேல்லை, வேற இடத்தில காட்டினனான். ஆனா முறைப்பாடு பதிவாகி இருக்கு. அடுத்த ஆளுக்கு அது உதவும்.

புதுவைக்காரி:
கார்த் வந்ததுக்கப்புறம் என்ன பண்ணணும்னு யாரும் சொல்லலையே, நான் சொல்றேன். நான் பாண்டிச்சேரி, கல்யாணமாகி இங்க வந்து ரொம்ப வருஷமாச்சு.

முதல் வேலை, மெத்சான் த்ரெத்தான், அதாவது உங்க குடும்ப டாக்டர் யாருன்னு பதியணும். இத விட்டுட்டுத்தான் நிறைய பேர் பணத்தை இழக்கிறாங்க. கணக்கு இதுதான். சாதாரண டாக்டர் ஃபீஸ் 30 யூரோ, 2024 டிசம்பர்லேருந்து. பதிஞ்ச டாக்டர்கிட்ட போனா அரசாங்கக் காப்பீடு கணக்கு 70 சதவீதம், 21 யூரோ. அதுல 2 யூரோ பிடிச்சுக்கிட்டு 19 யூரோ கணக்குல போடுவாங்க. பதியாம போனா 30 சதவீதம்தான், கைக்கு வர்றது 7 யூரோ. பதிஞ்சிருந்தா, அந்த 2 யூரோ போக மீதியை வேலை செய்ற இடத்து மியுத்துவெல், அதாவது கூடுதல் காப்பீடு, பார்த்துக்கும். பிரைவேட் கம்பெனியா இருந்தா 2016லேருந்து முதலாளி அதைக் கொடுத்தே ஆகணும், பாதித் தொகையாவது அவர் கட்டணும். சம்பளம் குறைவா இருக்கறவங்களுக்கும் அகதி விண்ணப்பம் போட்டவங்களுக்கும் அரசாங்கமே தர்ற கூடுதல் காப்பீடு இருக்கு. அது இருந்தா டாக்டர்கிட்ட கையிலேருந்து எதுவும் கொடுக்க வேண்டாம்.

ரொந்தேவு எடுக்கும்போது டாக்டர் செக்தர் (கட்டண வகை) ஒண்ணா ரெண்டான்னு பாருங்க. ரெண்டுன்னா அவங்க இஷ்டத்துக்கு மேல வாங்கலாம், அந்த மேல்தொகையை அரசாங்கக் காப்பீடு தராது. பல்லு, கண்ணு, பெண்கள் டாக்டர் இவங்ககிட்ட நேரா போகலாம், குடும்ப டாக்டர் லெட்டர் வேண்டாம்.

இன்னொண்ணு, பேர். நம்ம ஆளுங்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. பாஸ்போர்ட்ல அப்பா பேர் குடும்பப் பேர் இடத்துல இருக்கும், பிறப்புச் சான்றிதழ்ல வெறும் இனிஷியல் இருக்கும். இங்க இருக்கற அதிகாரிக்கு அது ரெண்டு வேற ஆள். ஃபைல் மாசக்கணக்கா தூங்கும். கோர்ட் அங்கீகரிச்ச மொழிபெயர்ப்பாளர்கிட்ட கொடுக்கும்போதே, பாஸ்போர்ட்டையும் காட்டி ஒரே எழுத்துக்கூட்டல்ல எழுதச் சொல்லுங்க. அம்மா அப்பா ரெண்டு பேர் பேரும் இருக்கற சான்றிதழா இருக்கணும்.

சென்தெனிவாசி:
அக்கா சொன்னது சரி. ஒரு திருத்தம் இல்லை, ஒரு சேர்க்கை: அகதியா ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆக்கள் பிறப்புச் சான்றிதழ் எடுக்க இலங்கைத் தூதரகத்துக்குப் போகத் தேவையில்லை, போகவும் கூடாது. ஒப்ராவே அவைக்குப் பிறப்புச் சான்றிதழ் தரும்.

மற்றது, நிரந்தரக் காப்புறுதி இலக்கம் வரும் வரைக்கும் 7 அல்லது 8இல தொடங்கிற தற்காலிக இலக்கம் ஒண்டு தருவினம். ஆம்பிளையளுக்கு 7, பொம்பிளையளுக்கு 8. அதோட பச்சைக் கார்த் வராது. ஆனா அத்தெஸ்தாசியோன் எண்ட தாளில உங்கட உரிமை திறந்திருக்கு எண்டு இருந்தால் அது காணும். அந்தத் தாளோட பார்மசிக்கும் போகலாம், வைத்தியரிட்டையும் போகலாம். கார்த் வரட்டும் எண்டு காத்திருக்காதேங்கோ.

கார்த்திகைப்பூ:
இந்த இழையை வாசிச்சிட்டு எழுதாமல் இருக்க முடியேல்லை. நான் சின்ன வயசில இங்க வந்தனான். அம்மாவுக்குப் பிரெஞ்சு வராது, அப்பா ரெஸ்தோரோனில இரவு வேலை. பள்ளிக்கூடத்தை விட்டிட்டு நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறது.

ஒருநாள் வைத்தியர் ஒரு படத்தை வெளிச்சப் பெட்டியில வச்சு, அம்மாவின்ர மார்பில கட்டி இருக்கு, பிரிச்சு எடுத்துப் பாக்கோணும் எண்டு என்னைப் பார்த்துச் சொன்னவ. அம்மா என்ர முகத்தைப் பாக்கிறா. எனக்குப் பன்னிரண்டு வயசு. எதை அம்மாவுக்குச் சொல்லுறது, எதைச் சொல்லாமல் விடுறது எண்டதை அந்தக் கதிரையில இருந்து நான் தீர்மானிக்க வேண்டி வந்தது. ஒரு பிள்ளைக்கு அது வரக் கூடாது. அம்மா சுகமா இருக்கிறா, அது வேற விசயம்.

ஓமந்தை அண்ணை, அக்காவின்ர பிள்ளையள் பிரெஞ்சு கதைக்கத் தொடங்கினாலும் அத்தானோட அவையை அனுப்பாதேங்கோ. ஆஸ்பத்திரியளுக்கு போனில மொழிபெயர்ப்பாளரை எடுக்கிற வசதி இருக்கு. ஐஎஸ்எம் எண்ட அமைப்பு அந்த வேலையைச் செய்யுது, தமிழும் இருக்கு. வைத்தியர் போனை மேசையில வச்சு ஒலிபெருக்கியில போடுவார், நீங்கள் தமிழில கதைக்கலாம். ஆனா நாங்கள் கேட்டாத்தான் எடுப்பினம். ரொந்தேவு எடுக்கேக்கையே சொல்லுங்கோ, போன உடன வரவேற்பிலயும் சொல்லுங்கோ: "ஆன் அந்தெர்ப்ரெத் தமூல், சில் வூ ப்ளே." தயவுசெய்து ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் எண்டு அர்த்தம். இதை ஒரு துண்டில பிரெஞ்சில எழுதி அத்தானின்ர பையுக்குள்ள வச்சு விடுங்கோ.

புதுவைக்காரி:
படிக்கும்போதே மனசு கனத்துப் போச்சும்மா. ஆனா ஒரு விஷயத்துல நான் கொஞ்சம் மாறுபடறேன். காய்ச்சல், இருமல், ஊசி போடறது இதுக்கெல்லாம் வீட்டுல ஒருத்தர் கூடப் போறது நல்லதுதான். நம்ம பெரியவங்களுக்குத் தனியா போகவே பயம், போன்ல யாரோ பேசறவங்களை நம்ப மாட்டாங்க. பிள்ளைங்க வேண்டாம், ஒத்துக்கறேன். பெரியவங்க யாராவது கூட இருக்கட்டும்.

கார்த்திகைப்பூ:
கூட இருக்கட்டும் அக்கா, அது ஆறுதல். ஆனா வருத்தத்தைப் பற்றிக் கதைக்கேக்க மொழிபெயர்ப்பாளர்தான் கதைக்கோணும். எங்கட அம்மாமார் கர்ப்பப்பை, மாதவிடாய், வீட்டில விழுற அடி இதையெல்லாம் மச்சான் பக்கத்தில இருக்கேக்க சொல்ல மாட்டினம். வைத்தியருக்குத் தெரியாமலே போயிடும்.

நீலாங்கரை:
ஹாய், இடையில ஒரு கேள்வி. சென்னையிலேருந்து மாஸ்டர்ஸ் படிக்க வந்திருக்கேன். யூனிவர்சிட்டில சேர்ந்தாச்சு. எனக்கும் இந்த மூணு மாச வெயிட்டிங் உண்டா? ஏஜென்ட் ஒருத்தர் வருஷத்துக்கு ஒரு பிரைவேட் இன்ஷூரன்ஸ் கட்டாயம்னு சொல்லி பணம் கேக்கறார்.

புதுவைக்காரி:
கட்டாதப்பா. படிக்க வர்ற வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு அரசாங்கக் காப்பீடு இலவசம். அமேலிங்கற அரசாங்கக் காப்பீட்டு இணையதளத்தோட வெளிநாட்டு மாணவர் பக்கத்துல நீயே பதியலாம், மூணு மாசம் காத்திருக்க வேண்டாம். பாஸ்போர்ட், விசா, யூனிவர்சிட்டி சேர்க்கைச் சான்று, பிறப்புச் சான்றிதழ், பேங்க் விவரம் இதெல்லாம் கேப்பாங்க. இங்கிலீஷ்ல பேசணும்னா 09 74 75 36 46. விருப்பம் இருந்தா மியுத்துவெல் தனியா எடுத்துக்கலாம், அது கட்டாயம் இல்ல. யூனிவர்சிட்டியிலயே மாணவர் மருத்துவ மையம் இருக்கும், அங்கயும் இலவசமா பாப்பாங்க. தொண்டை வலி, சிறுநீர் எரிச்சல் மாதிரின்னா பச்சைச் சிலுவை போட்ட பார்மசிக்கே போ. 2024லேருந்து அவங்களே சின்ன டெஸ்ட் பண்ணி, தேவைன்னா ஆன்டிபயாடிக் கொடுக்கலாம்.

ஓமந்தை:
உறவுகளே, அத்தானைப் பாஸுக்குக் கூட்டிக்கொண்டு போனன். காலமை ஏழரைக்கே வாசலில நிண்டம். வெளியில மழை, வரிசையில எல்லா நாட்டுச் சனமும். தாதி விரலில குத்திப் பார்த்த உடன வைத்தியர் இரத்தம் எடுக்கச் சொன்னவர். மட்டையைக் காட்டினன், தாதி அக்கா சொன்ன மாதிரியே பின்பக்கத்தைத் திருப்பித்தான் வாசிச்சவர். மூண்டு மாதம் முடிய எந்தத் திகதியில காப்புறுதிக்கு எழுதுறது எண்டும் அசிஸ்தான் சோசியல் ஒரு துண்டில எழுதித் தந்தவ. மருந்து கீழ் மாடியில, ஒரு சதமும் கேக்கேல்லை.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் போனில வந்தவ. அத்தான் முதலில வாய் திறக்கேல்லை. பிறகு நித்திரை வராத கதையைத் தானே சொல்லத் தொடங்கினார். என்னை வெளியில இருக்கச் சொன்னார், நான் வெளியில போயிட்டன்.

தாதி93:
நல்ல செய்தி தம்பி. நீங்கள் வெளியில போனது மிகச் சரி.

நித்திரை வராதது, கெட்ட கனவு, சத்தத்துக்குத் திடுக்கிடுறது இதெல்லாம் எங்கட சனத்தில கனபேருக்கு இருக்கு, ஆனா வருத்தம் எண்டு ஒருத்தரும் சொல்லுறதில்லை. சித்திரவதையும் வன்முறையும் அனுபவிச்சு வந்த ஆக்களுக்கெண்டே பாரிஸ் பதினோராம் வட்டாரத்தில செந்தர் பிறிமோ லெவி எண்ட சிகிச்சை நிலையம் இருக்கு, 1995 முதல். மொழிபெயர்ப்பாளரோடதான் பாக்கிறவை. காத்திருப்பு நீளம், அதால பாஸ் வைத்தியரிட்ட இப்பவே கடிதம் கேளுங்கோ.

அதோட எல்லாருக்கும் ஒண்டு. நெஞ்சு நோ, ஒரு பக்கம் கை கால் விளங்காமல் போறது, வாய் கோணுறது, மூச்சு எடுக்கேலாமை எண்டால் பாஸும் இல்லை, ரொந்தேவும் இல்லை. அவசர இலக்கம் 15க்கு அடியுங்கோ. 112உம் வேலை செய்யும். முதல் விலாசத்தைச் சொல்லுங்கோ: தெரு, இலக்கம், மாடி, வாசல் கோட். பிறகுதான் வருத்தம். அவை வைக்கச் சொல்லும் வரைக்கும் போனை வைக்காதேங்கோ. கார்த் இருக்கோ எண்டு ஒருத்தரும் கேக்காயினம்.

பருத்தித்துறை75:
தங்கச்சி, நான் ஒண்டு கேக்கிறன். என்ர வைத்தியர் ஓய்வு பெற்றுப் போய் ஒரு வருசத்துக்கு மேல. சுத்துவட்டாரத்தில ஒருத்தரும் புது ஆக்களை எடுக்கினம் இல்லை. கார்த் இருக்கு, மியுத்துவெல் இருக்கு, ஆனா வைத்தியர் இல்லை. அதாலதான் குளிசை மிச்சம் கிடக்கு. எனக்கும் சீனிதான். இப்ப சாப்பாட்டால சமாளிக்கிறன்.

தாதி93:
அண்ணை, சாப்பாட்டை மட்டும் நம்பி இருக்காதேங்கோ, இந்தக் கிழமையே அலுவலைத் தொடங்குங்கோ. மாநகரசபை நடத்திற மருத்துவ நிலையங்களுக்குப் போன் எடுங்கோ. ஓபெர்வில்லியே, லா கூர்னேவ், சென் தெனி எல்லா இடத்திலயும் இருக்கு. கூடுதல் காசு எடுக்காயினம், அங்க ஒரு வைத்தியரையே மெத்சான் த்ரெத்தானாப் பதியலாம். டொக்டோலிப் எண்ட ரொந்தேவுத் தளத்தில மொழியைப் போட்டுத் தேடினா தமிழ் கதைக்கிற வைத்தியர்மாரும் வருவினம். எங்கயும் கிடைக்காட்டி காப்புறுதிக் காரியாலயத்தின்ர 3646க்கு அடிச்சு, காப்புறுதியின்ர மத்தியஸ்தரிட்ட விசயத்தை எழுதிக் குடுங்கோ. வைத்தியர் இல்லாத நீண்டகால நோயாளியளுக்கு ஆள் தேடிக் குடுக்கிறது அவையின்ர வேலை.

நீரிழிவு நீண்டகால வருத்தப் பட்டியலில இருக்கு. முன்னைய வைத்தியர் உங்களுக்கு 100 சதவீதம் எழுதினவரோ எண்டு அமேலிக் கணக்கில பாருங்கோ. எழுதேல்லை எண்டால் புது வைத்தியரிட்ட முதல் நாளே கேளுங்கோ. அந்த வருத்தத்துக்கான சோதனை, மருந்து, கண் பாக்கிறது எல்லாத்தையும் காப்புறுதி தன்ர கட்டணத்தில முழுசாக் கட்டும்.

பருத்தித்துறை75:
லா கூர்னேவில வாற செவ்வாய் நேரம் கிடைச்சிருக்கு. என்ன கொண்டு போறது?

தாதி93:
கார்த், மியுத்துவெல் தாள், பழைய இரத்தச் சோதனை முடிவு ஏதும் இருந்தா அது, வீட்டில கிடக்கிற எல்லாக் குளிசை மட்டையும். திகதி முடிஞ்சதையும் கொண்டு போங்கோ, அவர் பார்த்திட்டுச் சொல்லட்டும். இரத்தம் எடுக்கச் சொன்னால் அண்டைக்குக் காலமை சாப்பிடாமல் போங்கோ, தண்ணி குடிக்கலாம். சப்பாத்தைக் கழட்டிக் காலையும் காட்டுங்கோ, அவர் கேக்காட்டியும்.